ஷாரி பேபி ஆர்க்கிட்டுக்கு என்ன கோளாறு? கடற்கரை ஊரில் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

கீழக்கரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். காற்றில் வரும் உப்பில் ஜன்னல் கம்பி அரித்துப்போகும், சைக்கிள் செயின் இறுகிப்போகும். அந்த மாடிக்குப் போகும் படிக்கட்டின் ஓரத்தில் ஒன்பது வருடமாக ஷாரி பேபி வளர்க்கிறேன். ஆன்சிடியம் இனத்தில் 1983இல் பதிவான கலப்பினம் இது. நீண்டு வளைந்த தண்டில் கருஞ்சிவப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னப் பூக்கள். பக்கத்தில் போனால் சாக்லேட் வாசனை அடிக்கும்.

ஆர்க்கிட் என்றால் ஏற்காடு, கொடைக்கானல் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. ஷாரி பேபி அந்த ரகம் இல்லை. நிழலும் ஈரக்காற்றும் இருந்தால் நம் வெக்கையைத் தாங்கிவிடும். உப்பைத்தான் தாங்காது. என் முதல் இரண்டு செடிகளை போர் தண்ணீர் ஊற்றியே இழந்தேன். அதன்பிறகு தெருவில் யார் வீட்டில் செடி வாடினாலும் என்னிடம் கொண்டுவருகிறார்கள். திரும்பத் திரும்ப வருவது ஏழெட்டுக் கோளாறுகள்தான்.

உங்கள் செடியின் அறிகுறி எந்தத் தலைப்பில் வருகிறது என்று பாருங்கள். அதன்கீழ் செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், செலவு வைப்பது கடைசியில். ஒன்றைச் சரிசெய்துவிட்டு மூன்று வாரம் பொறுத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரே நாளில் தொட்டியை மாற்றி, மருந்தடித்து, உரமும் வைத்தால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று தெரியாது.

கையில் இருக்க வேண்டியவை: டி.டி.எஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டுவது), புது பிளேடு, லைட்டர், டார்ச். மீட்டர் பேனா அளவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. உரம் வாங்கும் முன் அதை வாங்கிவிடுங்கள்.

## இலை நுனி கருகிக் காய்கிறது

எந்த இலை என்று முதலில் பாருங்கள். வழி இங்கேயே இரண்டாகப் பிரிகிறது.

### பழைய இலைகளில் கருகல், புதுத் தளிர் நன்றாக இருக்கிறது

உப்புதான். என்னிடம் வந்த செடிகளில் பாதிக்கு மேல் இந்தக் கோளாறோடு வந்தவை.

ஊற்றும் தண்ணீரை முதலில் அளந்து பாருங்கள். மீட்டரில் 200க்குக் கீழ் காட்டினால் நிம்மதி. 200 முதல் 400 வரை என்றால் ஊற்றலாம், ஆனால் வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவியாக வேண்டும். 400க்கு மேல் வேண்டாம். குடிநீருக்கு இந்தியத் தரக்கட்டுப்பாட்டில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று வைத்து, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறார்கள். அது மனிதர்களுக்கான அளவு. "நாம குடிக்கிற தண்ணிதானே" என்று ஊற்றிய செடிகள்தான் அதிகம் வாடி வருகின்றன.

பக்கத்து வீட்டில் ஒரு லாத்தா (அக்கா) இருக்கிறார். தெருவே அவரை லாத்தா என்றுதான் கூப்பிடும். போன மாசியில் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எட்டு இலையில் ஆறு, நுனியிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குக் கருகியிருந்தது.

"நல்ல தண்ணிதான் ஊத்துறேன் தங்கச்சி. வீட்டுல மெஷின் போட்டு உப்பெல்லாம் எடுத்தாச்சே" என்றார்.

போய்ப் பார்த்தேன். குழாயில் வெள்ளைப் படலம் கட்டாமல் இருக்க வைக்கும் சாஃப்ட்னர் அது. மெஷினுக்கு முன்னால் இருந்த குழாயில் பிடித்து அளந்தோம்: 1,460. மெஷினுக்குப் பின்னால் அளந்தோம்: 1,450. லாத்தா மீட்டரை வாங்கித் தானே இன்னொரு தடவை முக்கிப் பார்த்தார். சாஃப்ட்னர் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. துணி நன்றாக நுரைக்கும், பாத்திரத்தில் கறை பிடிக்காது. செடிக்கு மட்டும் முன்பைவிடக் கெடுதல். காய்ச்சி ஆறவைப்பதும் இரவு முழுக்கத் திறந்து வைப்பதும் இதற்கு உதவாது. திறந்து வைத்தால் குளோரின் போகும், உப்பு போகாது.

அப்புறம் தொட்டிக்குள் எவ்வளவு உப்பு சேர்ந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஆர்.ஓ. தண்ணீரோ மழைத்தண்ணீரோ ஒரு லிட்டர் எடுத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தொட்டியை ஒரு பேசின் மேல் தூக்கி வைத்து மெதுவாக ஊற்றுங்கள். கீழே வடிந்ததை அளந்து பாருங்கள். லாத்தாவின் தொட்டியில் 60 உள்ளே போனது, 1,900க்கு மேல் வெளியே வந்தது. ஊற்றியதைவிடச் சில நூறுக்கு மேல் கூடினாலே கழுவ வேண்டும். உரம் போட்ட அன்று இந்தச் சோதனை செய்யாதீர்கள், உரமும் மீட்டரில் ஏறும்.

கழுவுவது எளிது. தொட்டி எவ்வளவு பெரிதோ அதைப்போல மூன்று மடங்கு நல்ல தண்ணீர் வேண்டும். முதல் மடங்கை ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள், உப்பு கரையட்டும். பிறகு மீதியை ஊற்றுங்கள். வடிவது 200க்குப் பக்கம் வரும்வரை செய்யுங்கள். காலையில் செய்தால் மாலைக்குள் வடிந்துவிடும்.

கழுவியும் பத்தே நாளில் எண் மறுபடி ஏறுகிறதா? தொட்டிக் கலவை உப்பை வைத்துக்கொண்டு விட்டுவிட்டுக் கொடுக்கிறது. நம் பக்கத்தில் இரண்டு சரக்கைச் சந்தேகப்பட வேண்டும். ஒன்று தேங்காய் மட்டைத் துண்டு. கடலோரத்து மட்டையில், அதுவும் உப்பங்கழித் தண்ணீரில் ஊறப்போட்டதில், உப்பு நிறைய இருக்கும். நட்டுவிட்டு அப்புறம் கழுவ முடியாது. நடும் முன் நான்கு நாள் ஊறவைத்து, தினம் தண்ணீரை மாற்றி, கடைசித் தண்ணீரை அளந்து பாருங்கள். இன்னொன்று கரி. முதுகுளத்தூர், கமுதி பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களிடம் சீமைக்கருவேலங்கரி மலிவாகக் கிடைக்கும். ஆர்க்கிட்டுக்கு நல்ல பொருள்தான், வருடக்கணக்கில் மக்காது. ஆனால் அது உப்பை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இரண்டு வருடம் போர் தண்ணீர் குடித்த கரியைக் கழுவித் திரும்பப் போடுவதில் பயனில்லை. அடுப்புக்கு எடுத்துக்கொண்டு புதுக்கரி போடுங்கள். மூட்டத்தை அணைக்க எந்தத் தண்ணீர் ஊற்றினார்களோ, அதனால் புதுக்கரியையும் ஒரு இரவு ஊறவைத்து அளந்துவிட்டுத்தான் போடுகிறேன்.

மண்தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்திருந்தால் உள்பக்கமும் அப்படித்தான் இருக்கும். சுவரைத் தொடும் வேர் நுனிதான் முதலில் பொசுங்கும். அந்தத் தொட்டியை ஒரு வாரம் நல்ல தண்ணீரில் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

தண்ணீர் 80, வடிவதும் 120, அப்படியும் கருகுகிறதா? கருகல் கடல் பக்கம் பார்த்த இலைகளில் மட்டுமா என்று பாருங்கள். ஈரத்துணியால் இலையைத் துடைத்து அந்தத் துணியை அரை டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரில் அலசி அளந்து பாருங்கள். எண் எகிறினால் காற்றில் வந்த உப்பு. ஆடிக் காற்று நாட்களில் கடல் பக்கம் கிடுகுத் தட்டி ஒன்று கட்டுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை காலையில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

### புதுத் தளிரின் நுனியே கருகுகிறது

ஆர்.ஓ. தண்ணீருக்கோ ஏ.சி.யிலிருந்து வடியும் தண்ணீருக்கோ மாறிய நாலைந்து மாதத்தில் இது வந்தால் கால்சியம் பற்றவில்லை. உப்பைப் பயந்து எல்லாவற்றையும் வடிகட்டியதன் விளைவு. காவிரிக் குடிநீர் கிடைக்கிறவர்கள் ஐந்தில் ஒரு பங்கு அதைக் கலந்து ஊற்றுங்கள். இல்லையென்றால் கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு அரை கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. வேறு உரத்தோடு ஒரே வாளியில் கலக்காதீர்கள், அடியில் வெள்ளையாகப் படிந்து வீணாகிவிடும். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது. அடுத்த தளிர் சுத்தமாக வருகிறதா என்பதே சோதனை.

கருகிய இடம் ஈரமாக, தொட்டால் நசநசவென்று இருந்தால் இது வேறு வியாதி. புள்ளிகளைப் பற்றிய தலைப்புக்குப் போங்கள்.

### எங்கிருந்து நல்ல தண்ணீர்?

மழைத்தண்ணீர்தான் சிறந்தது. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வைத்த குழாய் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஐப்பசியில் முதல் இரண்டு மழையை விட்டுவிடுங்கள், மாடியில் படிந்த உப்பும் காக்கை எச்சமும் போகட்டும். மூன்றாவது மழையிலிருந்து டிரம்மில் பிடித்து, கொசு புகாமல் வெள்ளைத் துணி கட்டி மூடுங்கள். நான்கு செடிக்கு இருநூறு லிட்டர் பங்குனி வரை வருகிறது. அது தீர்ந்தால் ஏ.சி. வடிகுழாயின் கீழ் ஒரு குடம் வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு ராத்திரியில் நல்ல அளவு சேரும். ஏ.சி. சர்வீஸ் செய்த பிறகு முதல் இரண்டு நாள் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், கழுவிய மருந்து கலந்திருக்கும்.

யாரைக் கேட்பது: தண்ணீரை மாற்றி, கலவையை மாற்றி, இரண்டு தளிர் பார்த்த பிறகும் கருகல் நிற்கவில்லை என்றால் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும், எது சோடியம், எது சுண்ணாம்பு என்று சொல்லாது. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரையும் பார்த்துத் தருவார்கள். ராமநாதபுரத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. உப்புத் தண்ணீர் விஷயத்தில் அவர்களைவிட நம் மண்ணை அறிந்தவர்கள் இல்லை.

## இலை விசிறிபோல மடிந்து வருகிறது

புது இலை நீளமாக வராமல் குறுக்கே குறுக்கே மடிப்பு விழுந்து வரும். காகித விசிறியைப் பாதி விரித்ததுபோல இருக்கும். இலை வளர்ந்துகொண்டிருந்தபோது தாகம் எடுத்திருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் இளம் இலையின் ஓரம் பக்கத்து இலையோடு பசைபோல ஒட்டி, வெளியே வர முடியாமல் மடிகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து இடுக்கில் வைத்து, ஐந்து நிமிடம் கழித்து விரலால் நெகிழ்த்திவிடுங்கள். இழுக்காதீர்கள்.

ஒட்டவில்லையென்றால் தண்ணீர் இடைவெளி. தளிர் வளரும் காலத்தில் கலவை முழுக்கக் காயக்கூடாது. விரல் நுழைத்து இரண்டு அங்குல ஆழத்தில் ஈரம் பாருங்கள். சித்திரை, வைகாசியில் மண்தொட்டிக்குத் தினமும், மழைக்காலத்தில் வாரம் இருமுறை என்பது என் வீட்டுக் கணக்கு. உங்கள் விரல் சொல்வதைக் கேளுங்கள்.

தண்ணீர் சரியாகத்தான் ஊற்றுகிறேன் என்றால் காற்றைப் பாருங்கள். கடலோரத்தில் ஈரம் இருக்கிறதே என்று நினைப்போம். மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று பகலில் நெருப்புபோல வறண்டு வரும். செடியை மதில் சுவருக்குப் பின்னால் இறக்கி, தரையில் காலை, மதியம் இரு தடவை தண்ணீர் தெளியுங்கள்.

இதெல்லாம் செய்தும் அடுத்த இலையும் மடிந்தால் வேர் இல்லை. தண்ணீர் இருக்கிறது, குடிக்க வாய் இல்லை. அடுத்த தலைப்பைப் படியுங்கள். ஏற்கெனவே மடிந்த இலை நேராகாது. அதை வெட்டவும் வேண்டாம், அதுவும் செடிக்குச் சோறாக்குகிறது.

## அடியில் இருக்கும் குமிழ் சுருங்குகிறது

செடி விற்பவர்கள் பல்ப் என்பார்கள். செடியின் சேமிப்பு அதில்தான் இருக்கிறது.

இலை உதிர்ந்த பழைய குமிழ் மட்டும் சுருங்குகிறது: கவலை வேண்டாம். தன் சேமிப்பைப் புதுத் தளிருக்குக் கொடுக்கிறது.

முன்னால் இருக்கும் புதுக் குமிழும் சுருங்குகிறது, கலவை காய்ந்து கிடக்கிறது: தொட்டியை ஒரு வாளி நல்ல தண்ணீரில் விளிம்பு வரை இருபது நிமிடம் இறக்கி வையுங்கள். இரண்டு வாரத்தில் கொஞ்சமாவது புடைக்கும். முழுதாக உருண்டு வராது.

புதுக் குமிழ் சுருங்குகிறது, கலவையோ ஈரமாக இருக்கிறது: வேர் அழுகிவிட்டது. தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றித்தான் பலர் செடியைக் கொல்கிறார்கள். கவிழ்த்துப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, நூலைவிடக் கொஞ்சம் தடித்து, நகத்தால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும். கெட்ட வேரைப் பிடித்து இழுத்தால் தோல் கழன்று கையோடு வரும், உள்ளே முடிபோல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும்.

பிளேடை லைட்டரில் காட்டி, கெட்ட வேரையெல்லாம் வெட்டுங்கள். ஒரு நாள் நிழலில் காயவிடுங்கள். வேர்க்கூட்டம் கொள்ளும் அளவுக்குத்தான் தொட்டி இருக்க வேண்டும். ஆசைப்பட்டுப் பெரிய தொட்டி வைத்தால் நடுவில் ஈரம் தேங்கி மறுபடி அழுகும். அடியில் ஓட்டுச்சில்லு, மேலே கழுவிய கரியும் மட்டைத் துண்டும் பாதிப் பாதி. வேர் குறைந்த செடி ஆடும், ஆடினால் புதுவேர் ஒடியும். ஒரு குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள்.

எப்போது மாற்றுவது என்பதில் நாட்காட்டியைவிடச் செடியை நம்புங்கள். புதுத் தளிரின் அடியில் அரை அங்குல நீளத்துக்குப் புதுவேர் எட்டிப்பார்க்கும் நேரம் சரி. அக்னி நட்சத்திரத்தில் மட்டும் தொடாதீர்கள். ஆனால் அழுகல் என்றால் நேரம் பார்க்க முடியாது, அன்றைக்கே செய்யுங்கள்.

குமிழ்களை இணைக்கும் தண்டை வெட்டினால் உள்ளே ஊதாநிற வளையம் தெரிகிறது: பூஞ்சை தண்டுக்குள் போய்விட்டது. வெள்ளையாக, சுத்தமாகத் தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடைச் சுட்டுக்கொள்ளுங்கள். சுத்தமான துண்டில் மூன்று குமிழாவது மிஞ்சினால் பிழைக்க வழி உண்டு. மிஞ்சாவிட்டால் செடியை எரித்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

## இலையில் புள்ளிகள்

விரலால் தடவிப் பாருங்கள்.

காய்ந்த சின்னக் கறுப்புப் புள்ளிகள், மாதக்கணக்கில் பெரிதாகவில்லை: ஷாரி பேபியின் சுபாவம். நன்றாகப் பூக்கும் என் மூத்த செடியின் எல்லா இலையிலும் உண்டு. இரவில் இலை நனைந்திருந்தால் கூடும். காலை எட்டு மணிக்குள் தண்ணீர் ஊற்றிவிட்டால் புது இலையில் குறையும்.

புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம், வாரத்துக்கு வாரம் பரவுகிறது: பூஞ்சை. செடிகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மோசமான இலையை வெட்டுங்கள். நிற்கவில்லையென்றால் மான்கோசெப் லிட்டருக்கு 2 கிராம், பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் வாசலில் வைத்து அடித்து, காய்ந்தபின் உள்ளே எடுங்கள்.

நீர்கோத்த பழுப்புத் திட்டு, அழுத்தினால் கசிகிறது, நாற்றம்: பாக்டீரியா அழுகல். இதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக்கூடாது. கார்த்திகை அடைமழையில் இளந்தளிரின் மடிப்பில் தண்ணீர் தேங்கி ஆரம்பிக்கும். காலையில் கறை, மறுநாள் மாலை தளிர் கையோடு வரும். கெட்ட இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே, பச்சையான இடத்தில் வெட்டுங்கள். வெட்டுவாயில் பட்டைத் தூள் வையுங்கள், சமையலுக்கு அரைத்தது போதும். வேரில் படக்கூடாது, வேரைக் காயவைத்துவிடும். மூன்று நாள் தண்ணீர் வேண்டாம், ஃபேன் காற்றில் வையுங்கள். அடைமழை மாதங்களில் செடியைக் கூரைக்கு உள்ளே எடுத்துவிட்டால் இது வராமலே போகும்.

இலையில் கோடுகோடாக வெளிறல், பூவிலும் நிறம் திட்டுத் திட்டாக: வைரஸாக இருக்கலாம். மருந்து கிடையாது. அந்தச் செடியைத் தனியே வையுங்கள், அதற்குப் பயன்படுத்திய பிளேடை வேறு செடிக்குக் கொண்டுபோகாதீர்கள். பயிர்நோய் அறிந்தவரிடம் இலையைக் காட்டி உறுதி செய்துகொண்டு அப்புறம் அழியுங்கள். செஞ்சிலந்திப் பூச்சி உறிஞ்சிய இலையும் தூரத்தில் இப்படித்தான் வெளிறித் தெரியும். அது வெறும் தண்ணீரை இலையின் அடியில் வேகமாகப் பீச்சினாலே குறையும்.

## எறும்பு, பிசுபிசுப்பு, வெள்ளைப் பஞ்சு

எறும்பு மட்டும் பூந்தண்டில் ஓடினால் மொட்டருகே கசியும் தேன்துளிக்கு வந்தவை. கெடுதல் சிறிது, விடலாம். எறும்போடு இலையில் பிசுபிசுப்பும் இருந்தால் மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ ஒளிந்திருக்கிறது. குமிழைச் சுற்றியிருக்கும் காய்ந்த உறையை உரித்து டார்ச் அடியுங்கள். அங்கேதான் குடித்தனம். பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் சில சொட்டு, வெயில் இறங்கிய பிறகு தெளியுங்கள். பகலில் தெளித்தால் இலை வெந்துவிடும். வாரம் ஒருமுறை, மூன்று வாரம்.

## இரண்டு வருடமாகப் பூக்கவில்லை

இலை செழிப்பாக, கரும்பச்சையாக இருக்கிறதா? செடி அழகாகத்தான் இருக்கும், பூக்காது. வெளிச்சம் பற்றவில்லை. சரியான இலை வெளிர்பச்சையில், கொஞ்சம் மஞ்சள் கலந்தாற்போல இருக்கும். இலையின் மேல் ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். நிழலின் ஓரம் மங்கலாக, ஆனால் கை என்று தெரிகிற மாதிரி விழுந்தால் சரி. விழவே இல்லையென்றால் காலை ஒன்பது மணி வரை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள், வாரத்துக்குக் கொஞ்சமாக. மாடியில் என்றால் 50 சதவீத நிழல்வலை. கோடையில் அதன்மேல் இன்னொன்று.

இலை செம்மை பூசி இருந்தால் வெயில் விளிம்பில் இருக்கிறது. வெளுத்துத் திட்டு விழுந்தால் கூடிவிட்டது.

வெளிச்சம் சரி, அப்படியும் பூவில்லை என்றால் குமிழ்களை வரிசையாக அளந்து பாருங்கள். ஒவ்வொரு புதுக் குமிழும் முந்தையதைவிடச் சின்னதாகிக்கொண்டே வந்தால் செடி பட்டினி. 19:19:19 கரையும் உரம் லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை, ஈரக் கலவையில். நான்காவது வாரம் வெறும் தண்ணீர். ஒரு வருடம் ஆகும்.

குமிழ் பெரிதாகிக்கொண்டே வந்தால் எதையும் மாற்றாதீர்கள். புதுக் குமிழ் முற்றியபிறகுதான் அதன் அடி இலை இடுக்கிலிருந்து தண்டு வரும். தண்டு தலைகாட்டியதிலிருந்து பூ விரிய மூன்று மாதத்துக்கு மேல் எடுக்கும். அவசரப்பட்டுத் தளிர் முற்றும் முன் செடியைப் பிரித்து நட்டவர்கள்தான் அதிகம் காத்திருக்கிறார்கள்.

## மொட்டு விரியாமல் உதிர்கிறது

இடம் மாற்றினீர்களா? மொட்டோடு இருக்கும் செடியை விருந்தாளிக்குக் காட்ட வரவேற்பறைக்குத் தூக்கினால் போதும், மஞ்சளாகி உதிரும்.

பழம் பக்கத்தில் இருக்கிறதா? வைகாசியில் வைக்கோலில் மாங்காய் பழுக்கவைக்கும் அறையிலோ, வாழைத்தார் தொங்கும் இடத்திலோ செடி இருந்தால், பழத்திலிருந்து வரும் எத்திலின் வாயு மொட்டை உதிர்க்கும். எங்கள் அத்தை வீட்டில் இரண்டு வருடம் காரணம் தெரியாமல் உதிர்ந்தது. செடி தொங்கிய ஆணிக்கு நேர் கீழே மாம்பழக் கூடை இருந்தது.

அடுத்தது தாகமும் வெக்கையும். மொட்டு வந்தபிறகு ஒரு நாள்கூடத் தண்ணீர் தவறக்கூடாது. மொட்டில் பழுப்புக் கீறல் இருந்தால் இலைப்பேன். வெள்ளைத் தாள்மேல் தண்டைத் தட்டுங்கள், கமா அளவுப் பூச்சிகள் ஓடும். மேலே சொன்ன வேப்பெண்ணெயைப் பூவில் படாமல், மொட்டிலும் இலையிலும் மட்டும் தெளியுங்கள்.

## பூத்துவிட்டது, வாசனை இல்லை

இந்தச் செடியை வாசனைக்காகத்தான் வாங்குகிறோம். அதனால் இந்த ஏமாற்றம் மற்ற எல்லாவற்றையும்விட வலிக்கும். மருந்து, உரம் எதையும் தொடும் முன் கீழே உள்ளதைப் பாருங்கள்.

எந்த நேரத்தில் முகர்ந்தீர்கள்? நமக்கு வாசனைப்பூ என்றால் ராமநாதபுரம் குண்டு மல்லி. தங்கச்சிமடத்து நாற்று போகாத ஊர் இல்லை. அது அந்தியில் விரியும், ராத்திரி மணக்கும். அந்தப் பழக்கத்தில் விளக்கு வைத்த பிறகு போய் முகர்கிறோம். ஷாரி பேபி பகல்காரி. வெயில் ஏறிச் செடி சூடான பிறகு, காலை பத்து மணியிலிருந்து மதியம் வரை முகருங்கள். மாலையில் அநேகமாக ஒன்றும் இருக்காது.

எங்கே வைத்திருக்கிறீர்கள்? பத்து மணிக்கு மேல் கடற்காற்று எழும் நேரமும் அதுவே. மாடியில், வாசலில் இருந்தால் வாசனை வந்த வேகத்தில் போய்விடும். நான்கு பக்கமும் சுவர் உள்ள முற்றத்தில், வெளிச்சம் படும் மூலையில் வையுங்கள். பூக்கள் நன்றாக விரிந்தபின் இடம் மாற்றினால் அவ்வளவு பாதிக்காது. லாத்தாவின் செடி அடுத்த தையில் பூத்தது. கொல்லையில் இருந்தவரை அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. முற்றத்துக்குள் கொண்டுவந்த அன்று பதினொரு மணிக்கு அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, "யாரு தங்கச்சி மிட்டாய் கிண்டுறது?" என்று கேட்டார்.

விரிந்து எத்தனை நாள்? முதல் நாளில் வாசனை மெலிதாகத்தான் இருக்கும். மூன்று நான்கு நாள் பொறுங்கள். மழை மூட்டமான நாளிலும் குறையும்.

நீங்களே வெகுநேரம் பக்கத்தில் இருந்தீர்களா? மூக்கு பழகிவிடும். வெளியே போய்விட்டு வந்து முகருங்கள், அல்லது பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையை முகரச் சொல்லுங்கள்.

பூ என்ன நிறம்? மஞ்சளாக, பாவாடை விரித்து ஆடுகிற மாதிரிப் பெரிய இதழோடு இருந்தால் அது ஷாரி பேபி இல்லை. வேறு ஆன்சிடியம், அதற்கு இந்தச் சாக்லேட் வாசனை வராது. வெளியூரிலிருந்து பெட்டியில் வரும் பூவில்லாத செடியில் பெயர்ச்சீட்டு மாறுவது சகஜம். எனக்கே ஒருமுறை மாறி வந்து பதினான்கு மாதம் வளர்த்த பிறகு மஞ்சள் பூத்தது. பூவின் படத்தையும் சீட்டின் படத்தையும் விற்றவருக்கு அனுப்பி மாற்றுச்செடி கேளுங்கள். அடுத்த செடியை முடிந்தவரை பூவோடு வாங்குங்கள், வெயில் ஏறிய நேரத்தில் நேரில் போய் முகர்ந்து பார்த்துவிட்டு.